ஒன்பது மணிக்கு மூன்று பேர்

அளவுகோல் என்பது அவனுக்கு வீட்டார் வைத்த பெயர். கல்யாணமான புதிதில் ஃபிரிட்ஜ் வாங்கக் கிளம்பியவன், எது நல்லது எது கெட்டது என்று கோடைக்காலம் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கி, விற்பவர்களின் பொறுமையையெல்லாம் சோதித்து, கடைசியில் மழைக்காலம் வந்ததும் "இனிமே என்ன அவசரம்" என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டான். மறுநாளே அவன் மனைவி தனியாகக் கடைக்குப் போனாள். வாசலில் முதலில் நின்ற ஃபிரிட்ஜைக் கையைக் காட்டி வாங்கி வந்தாள். அது இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. அப்படி ஓடுவதுதான் அவனுக்கு உறுத்தல்.

"என்னை இவர் பாத்து முடிவு பண்ணாருன்னு யாரும் தப்பா நினைச்சுக்காதீங்க. முடிவு பண்ணது நான். இவர் இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்காரு" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள் சொல்வாள். அவன் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து வைப்பான். மறுத்துப் பேசியதில்லை.

இப்படிப்பட்டவன் பிழைப்புக்குத் தேர்ந்தெடுத்த தொழில் வலைத்தளம் கட்டுவது. அந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. வீடு கட்டுகிறவர் செங்கல்லைத் தானே சுட்டுக்கொண்டிருப்பதில்லை, கதவைத் தானே இழைத்துக்கொண்டிருப்பதும் இல்லை. வலைத்தளத்துக்கும் அப்படித்தான். கதவு, ஜன்னல், படிக்கட்டு எல்லாம் தயாராக அடுக்கி வைத்த கருவிப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். வெளியே அதற்கு ஃபிரேம்வொர்க் என்று பெயர். அவனுடைய அலுவலகத்தில் சுருக்கமாகப் பெட்டி. உலகத்தில் பெட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை, மாதாமாதம் புதிதாக ஒன்று வந்து நிற்கும். ஆனால் ஒன்றை எடுத்துவிட்டால் அதோடுதான் குடித்தனம். பாதிச் சுவர் எழும்பிய பிறகு பெட்டியை மாற்றுவதென்றால் சுவரை இடிக்க வேண்டியதுதான். ஒரு ஃபிரிட்ஜுக்கே ஒரு கோடையைத் தின்றவன் இந்தத் தொழிலில் எப்படிக் காலம் தள்ளினான் என்றால், இதுவரை வந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் "இந்தப் பெட்டியிலதான் வேணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள். அவன் புண்ணியம்.

அக்கா அப்படிச் சொல்லவில்லை. அதுதான் வினை.

அக்கா பல் மருத்துவர். அவனைவிட ஆறு வயது மூத்தவள். அவன் எந்தச் சட்டையைப் போட வேண்டும், எந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும், தலையை எந்தப் பக்கம் வகிடெடுத்துச் சீவ வேண்டும் என்பதுவரை சின்ன வயதிலிருந்து அவள்தான் முடிவு செய்தாள். அவனுக்கும் அது வசதியாகவே இருந்தது. அந்த அக்கா தன் சிகிச்சை நிலையத்தைப் பெரிய கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். நோயாளிகள் போன் பண்ணாமல் தாங்களே நாளும் நேரமும் குறித்துக்கொள்ள ஒரு வலைப்பக்கம் வேண்டும் என்றாள். அவள் கணவருக்கு இது பிடிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒருவர் இதையெல்லாம் தயாராகவே வைத்து விற்கிறாராம். "உன் தம்பிகிட்ட குடுத்தா உன் பேரப்பிள்ளைங்க பல்லுக்குத்தான் ஆகும்" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அக்கா கேட்கவில்லை.

"எனக்கு இதெல்லாம் தெரியாது. நீயே பாத்து முடிவு பண்ணு" என்றாள் தம்பியிடம்.

நாற்பது வயதில் அவன் அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். இந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட வேண்டும், அக்கா தன்னை நம்பியது வீண்போகக் கூடாது என்று அவனுக்கு வெறியே வந்துவிட்டது. வெறி வந்தால் மற்றவர்கள் வேலை செய்வார்கள். அவன் ஆராய்ச்சி செய்வான்.

அலுவலகம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. டயர் வாசனையும் பஞ்சர் பார்க்கிறவரின் சுத்தியல் சத்தமும் மாடிப்படி வழியாக இலவசமாக வரும். உள்ளே மூன்று மேசை, மூன்று பேர். அவனைத் தவிர மற்ற இருவரில் ஒருவர் கல்வெட்டு. ஒரு தடவை எழுதினால் அப்புறம் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டார், அதனால் அந்தப் பெயர். தான் முதன்முதலில் கற்றுக்கொண்ட பெட்டியைத் தவிர இன்னொரு பெட்டியை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இன்னொருத்தி புதுவரவு. நேற்று வெளியான பெட்டி இன்றைக்குப் பழையது என்று நம்புகிற பெண். கல்வெட்டின் பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவளுக்குத் தும்மல் வரும்.

"அண்ணா, இந்தக் காலத்துல ஒரு பக்கம்னா அசையணும், சுத்தணும், கண்ணுல ஒத்திக்கற மாதிரி இருக்கணும். நான் சொல்ற பெட்டியை எடுங்க" என்பாள் அவள்.

"எதுக்கும்மா சுத்தணும்? பல் வலியோட வர்றவனுக்கு ஏற்கனவே தலை சுத்திக்கிட்டுதான் இருக்கும்" என்பார் கல்வெட்டு. "தம்பி, என் பெட்டி பழசுதான். ஆனா இதுவரைக்கும் நடுவழியில நின்னதில்ல."

"நடந்தாத்தானே நிக்கும்" என்பாள் அவள்.

அளவுகோலுக்கு இரண்டுமே சரி என்று பட்டது. அதுவும் போதாதென்று, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பெட்டியை அவனே கண்டுபிடித்துவைத்தான். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு ஒப்பீட்டு அட்டவணை போட்டான். வேகம், பாதுகாப்பு, கற்றுக்கொள்வதில் சிரமம், நாளைக்கு யாராவது பழுதுபார்க்க முடியுமா என்று தலைப்பு தலைப்பாக மதிப்பெண் கொடுத்தான். கூட்டிப் பார்த்தால் மூன்று பெட்டிகளும் சமம். பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் கொடுத்தான். மறுபடியும் சமம். கடைசியில் ‘மனநிம்மதி’ என்று ஒரு தலைப்பைச் சேர்த்தான். மூன்றுக்கும் பூஜ்யம் விழுந்தது. கீழே பஞ்சர் பார்க்கிறவர் ஒருவர் பின் ஒருவராக ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார், மேலே ஒரு செங்கல்லும் எழும்பவில்லை.

அக்காவின் போன் வந்தது.

"எந்த வரைக்கும் வந்திருக்கு?"

"அடித்தளம் பத்தி யோசிச்சுக்கிட்டு இருக்கோம்கா."

"வர்ற திங்கக்கிழமை புது இடத்துல ஆரம்பிக்கறேன். அதுக்குள்ள நீ ஒரு முடிவு சொல்லணும். இல்லன்னா மாமா சொல்ற ஆளுக்கே குடுத்துடறேன். நீ மனசுல வெச்சுக்கக் கூடாது" என்றாள். திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இவ்வளவு பதமாகச் சொன்னதால் அட்டவணையை மூடிவிட்டு மற்ற இருவரையும் கூப்பிட்டான்.

அன்றே மூவரும் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் ஒரு பெட்டி. மூவரும் ஒரே பக்கத்தைத் தனித்தனியாகக் கட்டிப் பார்ப்பது. பெயர், போன் நம்பர், நாள், நேரம், என்ன தொந்தரவு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்வது. அதுவரை ஒருவர் மற்றவருடையதை எட்டிப் பார்க்கக் கூடாது, வெளி ஆளுக்குக் காட்டவும் கூடாது. கல்வெட்டு சத்தியமே செய்தார். புதுவரவு தலையாட்டினாள். அளவுகோல்தான் இந்த விதியைச் சொன்னவன்.

விதியைச் சொன்னவன் அன்று மத்தியானமே அதை மீறினான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அக்காவின் நிலையத்தில் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிற ரிசப்ஷன் அம்மா, நாளைக்கு இந்தப் பக்கத்தைக் கட்டி அழப்போகிறவர். அவர் ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அட்டவணையில் தன் பெட்டி ஒரு மதிப்பெண் முந்துமே என்று நினைத்தான். தன் பக்கத்தின் இணைப்பை அவருக்கு அனுப்பி, ‘சும்மா பயன்படுத்திப் பாருங்க. இது நமக்குள்ள இருக்கட்டும்’ என்று எழுதினான். பக்கம் அப்போது காலியாக இருந்தது. ‘விரைவில்’ என்று ஒரே ஒரு வார்த்தைதான் அதில். சாயங்காலத்துக்குள் கட்டிவிடலாம் என்று நம்பினான்.

பெட்டியைத் திறந்தால், அந்தப் பெட்டிக்குள் நாட்காட்டி மட்டும் நாலு விதமாக இருந்தது. எந்த நாட்காட்டி என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் வாரம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவழியாக ‘விரைவில்’ போய்ப் பக்கம் வந்தது. அன்றைக்கே கூடிப் பார்ப்பதாக இருந்ததை, தன்னால் தாமதமாகிவிட்டது என்று மற்ற இருவருக்கும் போன் பண்ணித் திங்கட்கிழமை காலைக்குத் தள்ளிப்போட்டான்.

திங்கட்கிழமை காலை அவன் மாடியேறிக்கொண்டிருக்கும்போதே அக்கா கூப்பிட்டாள்.

"உடனே வா. உன் ஆளுங்களையும் கூட்டிட்டு வா."

கோபம் வந்தால் அக்காவின் குரல் ஏறாது, இறங்கும். அன்று அது தரையைத் தொட்டிருந்தது.

மூவரும் போய்ச் சேர்ந்தபோது புதுக் கட்டடத்தின் காத்திருப்பு அறையில் நிற்க இடமில்லை. சுவரில் சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை, அதற்குள் பெஞ்சு முழுக்க ஆட்கள். கன்னம் வீங்கியவர்கள், கன்னத்தைப் பிடித்தவர்கள், வாயைத் திறக்கவே முடியாமல் கையால் சண்டை போடுகிறவர்கள். வாசல் பக்கம் ஒரு லாரி ஓட்டுநரும் ஒரு கணக்கு வாத்தியாரும் ஆளுக்கொரு போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கு ஒன்பது மணி. போன்ல ஒரு பல்லு சுத்திச்சு, அப்புறம் பச்சையா டிக் வந்துச்சு" என்றார் ஓட்டுநர், வீங்கிய கன்னத்தோடு.

"எனக்கும் ஒன்பது மணி. சுத்தறதெல்லாம் இல்லை, பதிவு எண்ணே குடுத்திருக்காங்க" என்றார் வாத்தியார். அளவுகோலைப் பார்த்து, "சார், ஒன்பதை ரெண்டா வகுத்தா நாலரை. என்னை நாலரைக்கு வரச் சொல்லிடாதீங்க, எனக்கு ஸ்கூல் இருக்கு" என்றார்.

ஒன்பதே கால் மணிக்கும் இரண்டு பேர், ஒன்பதரைக்கும் இரண்டு பேர். நாள் முழுவதும் அப்படித்தான் என்று தெரிந்தது. அதற்குள் அறையில் கட்சியும் பிரிந்துவிட்டிருந்தது. பல் சுற்றியவர்கள் இடது பக்க பெஞ்சு, எண் வாங்கியவர்கள் வலது பக்க பெஞ்சு. முன்னவர்களுக்குத் தங்களுடைய பக்கம்தான் அசல் என்று நினைப்பு. பின்னவர்களுக்கு எழுத்துமூலமாக எண் இருக்கும் தைரியம். கல்வெட்டும் புதுவரவும் இத்தனை வாரமாக மாடியில் போட்ட சண்டை, இங்கே முன்பின் தெரியாதவர்கள் வாயிலிருந்து அப்படியே வந்துகொண்டிருந்தது.

அளவுகோல் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தான். புதுவரவு மேற்கூரையைப் பார்த்தாள். கல்வெட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது.

ரிசப்ஷன் அம்மா தன் போனை எடுத்து மூவர் முன்னாலும் வைத்தார். "மூணு பேரும் தனித்தனியா அனுப்பினீங்க. மூணு பேரும் ‘இது நமக்குள்ள இருக்கட்டும்’னு எழுதியிருந்தீங்க. பெரிய கம்பெனி, மூணு வாசல் வெச்சிருக்காங்க போலன்னு நினைச்சேன். டாக்டர்கிட்ட மூச்சு விடலையே நான். ஆனா போன் விடாம அடிச்சுச்சு சார். ஒருத்தருக்கு இவங்களோடது, அடுத்தவருக்கு அவரோடதுன்னு மாத்தி மாத்திக் குடுத்தேன். யாருக்கும் மனக்கஷ்டம் வரக் கூடாது பாருங்க."

மூவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒருவர் பக்கத்தில் யார் எந்த நேரத்தைக் குறித்தார்கள் என்று மற்றவர் பக்கத்துக்குத் தெரியாது. ஒன்பது மணியை இதுவும் கொடுக்கும், அதுவும் கொடுக்கும். இவ்வளவு கேவலத்துக்கு நடுவிலும் அளவுகோலுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மானம் போகிற நேரத்தில்தான் மனிதனுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

"என்னோடதையும் குடுத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"குடுத்தேன் சார். ‘விரைவில்’னு வருது, எப்போன்னு கேட்டுத் திரும்ப எனக்கே போன் பண்ணாங்க. அதான் நிறுத்திட்டேன்."

உள்ளறைக் கதவு திறந்தது. அக்கா கையுறையோடு வெளியே வந்தாள். இடது பெஞ்சு, வலது பெஞ்சு, மூன்று குற்றவாளிகள் என்று வரிசையாக ஒரு பார்வை பார்த்தாள். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இதுல எது நிக்கப்போகுது?" என்றாள் தம்பியிடம். "ஒண்ணு சொல்லு. அதுல இருக்கற வரிசைப்படிதான் இனிமே ஆளை உள்ள விடுவேன். மத்ததை மூடிடணும்."

"அக்கா, கொஞ்சம் பாத்துட்டு..."

"இவருக்கு இப்போ ஊசி போடப்போறேன்" என்று லாரி ஓட்டுநரைக் காட்டினாள். "இவர் ஈறு மரத்துப்போற வரைக்கும் உனக்கு நேரம். நான் வெளிய வரும்போது நீ சொல்லலன்னா, மாமாவுக்குப் போன் பண்ணிடுவேன்."

வாத்தியார் அவருடைய வீக்கத்தைப் பார்த்து வழிவிட்டார். ஓட்டுநர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

"அண்ணா, எல்லாரையும் என்னோடதுல ஏத்திடலாம்" என்று புதுவரவு அவசரமாக ஆரம்பித்தாள். "காலையில பெட்டிக்கு ஒரு புதுப் பதிப்பு வந்திருக்கு, அதை மட்டும் போட்டுட்டா..."

"இந்த நேரத்துல புதுப் பதிப்பா?" என்றார் கல்வெட்டு. "தம்பி, என்னோடது..."

அளவுகோல் இருவரையும் கையமர்த்தினான். அவன் அப்படிக் கையமர்த்தி அவர்கள் பார்த்ததில்லை, அதனால் அமர்ந்தார்கள். அவன் முன்மேசைக்குப் பின்னால் போய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் முதலில் தன் பக்கத்தைத் திறந்தான். பெட்டிக்குள்ளே கம்ப்யூட்டரின் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. திரை வெள்ளையாக வந்தது, வெள்ளையாகவே நின்றது. அவன் அடுத்தபடியாகப் புதுவரவின் பக்கத்தைத் திறந்தான். அழகான பல் ஒன்று வந்து சுற்றியது. சுற்றியது. கம்ப்யூட்டர் ஏரோப்ளேன் கிளம்புகிற மாதிரி இரைந்தது. வலது பெஞ்சிலிருந்து யாரோ நிம்மதியாகச் சிரித்தார்கள்.

மூன்றாவதாகக் கல்வெட்டின் பக்கம். தட்டியவுடன் வந்து நின்றது. காலையில் கண்ணில் பட்டால் அன்று பட்டினிதான் என்கிற மாதிரி அவ்வளவு அவலட்சணம். சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக இருந்தது. பழைய ஏதோ விண்ணப்பத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்க வேண்டும், ‘விண்ணப்பதாரரின் தந்தை அல்லது கணவர் பெயர்’ என்றுகூட ஒரு கட்டம். ஆனாலும் வந்துவிட்டது. அன்றைய வரிசை அவ்வளவும் எண்ணோடு தெரிந்தது.

"இந்தக் கம்ப்யூட்டர் எப்போ வாங்கினது?" என்று கேட்டான்.

"டாக்டர் தொழில் ஆரம்பிச்சப்போ வாங்கினது சார். கட்டடத்தை மாத்தினாங்க, இதை மாத்த மனசு வரல. மெதுவா வரும், ஆனா வரும்" என்றார் ரிசப்ஷன் அம்மா, ஏதோ மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் அதன் தலையில் தட்டி.

அளவுகோலுக்கு வெட்கமாக இருந்தது. அட்டவணையில் அத்தனை தலைப்பு எழுதினான், உலகத்தில் யார் யாரோ எழுதிய கட்டுரைகளையெல்லாம் படித்து மதிப்பெண் போட்டான். இந்தப் பக்கம் எந்த மேசையில் திறக்கப்போகிறது என்று ஒருநாள் நேரில் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போகும் வழியில்தான் பழைய நிலையமே இருந்தது.

கதவு திறந்தது. "மரத்துப்போச்சு" என்றாள் அக்கா.

"கல்வெட்டு அண்ணனோடது" என்றான் அளவுகோல்.

இதில் அதிகம் பதறியவர் கல்வெட்டுதான். "தம்பி, நெஜமாவா? நல்லா யோசிச்சியா? அதுல ஒண்ணு ரெண்டு குறை இருக்கு, நான் உள்ளதைச் சொல்லிடறேன்..."

"இருக்கட்டும்ணே. திறக்குது."

அக்கா தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஆட்டல் நல்லதா கெட்டதா என்று அவனால் அளக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு மூவரும் வேலை செய்தார்கள். மாடியில் பல வாரங்களில் நடக்காத வேலை அந்த முன்மேசையில் அன்று நடந்தது. புதுவரவு தன் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள், கல்வெட்டு தன் பக்கத்தில் ஏற்றினார். இரட்டை நேரங்களைப் பிரித்து உட்காரவைக்கும் பொறுப்பை வாத்தியார் யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். வகுப்பறைக் குரல் ஒன்று அவரிடம் இருந்தது. அவர் "நீங்க எழுந்திருங்க, நீங்க அங்க போங்க" என்றதும் இரண்டு கட்சிகளும் கலந்து உட்கார்ந்தன. அவசரம் இல்லாதவர்கள் மறுநாளைக்கு ஒப்புக்கொண்டார்கள். புதுவரவுக்கு மனது வலிக்கத்தான் செய்தது. கடைசிப் பெயரைப் படித்து முடித்ததும், "அந்த அப்பா பேரு கேக்கறதையாவது எடுங்கண்ணே. அப்புறம் அந்தச் சாம்பலை நான் பாத்துக்கறேன்" என்றாள். கல்வெட்டு தாம் எழுதிய ஒன்றை மாற்றச் சம்மதித்தார். அதைப் பார்க்கச் சரித்திரத்தில் சாட்சிகள் குறைவு.

"அண்ணா, உங்க பக்கத்தை?" என்றாள் அவள்.

"மூடிடு. அதுல யாரும் இல்லை."

"ஒருத்தர் இருக்காங்க."

அவன் தன் போனில் திறந்து பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவன் ‘விரைவில்’ என்ற வார்த்தையை எடுத்த சற்று நேரத்திலேயே குறித்திருந்தார்கள். திங்கட்கிழமை, ஒன்பது மணி. பெயர் என்ற இடத்தில் ‘அக்கா’ என்று மட்டும் இருந்தது. என்ன தொந்தரவு என்ற இடத்தில், ‘வலி ஒன்றும் இல்லை. திறக்குதான்னு பார்க்க வந்தேன். திறந்திடுச்சு’ என்று இருந்தது.

அவன் ரிசப்ஷன் அம்மாவைப் பார்த்தான். அவர் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.

"டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சார் சொன்னேன். உங்க பக்கம் இன்னும் திறக்க மாட்டேங்குதேன்னு. சொந்தத் தம்பியாச்சே, சொன்னா தப்பில்லையேன்னு. அதுலேர்ந்து தினம் கிளம்பறப்போ என் போனை வாங்கி ஒரு தடவை தட்டிப் பாப்பாங்க. நேத்து பொருளெல்லாம் அடுக்க வந்தப்போவும் பாத்தாங்க. திறந்ததும் எனக்குக் காட்டினாங்க."

அவன் நாட்காட்டி தேடிக்கொண்டிருந்த அத்தனை நாளும், திட்டாமல், மாமாவுக்குச் சொல்லாமல், அவள் வந்து வாசலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் தட்டிய வாசலைத்தான் இப்போது அவன் மூடப்போகிறான். கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பிறகு, "அண்ணே, இன்னும் ஒருத்தரை ஏத்துங்க. கடைசி ஆளா" என்றான். தன் பக்கத்தைத் தானே மூடினான்.

சாயங்காலம் அறை காலியானது. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு எல்லோரையும் உள்ளே அனுப்பிய வாத்தியார், கடைசியாகத் தன் பல்லையும் பிடுங்கிக்கொண்டு, கன்னத்தில் பஞ்சோடு, சைகையால் எல்லோரிடமும் விடைபெற்றுப் போனார். மற்ற இருவரும் மேசையில் இன்னும் நிறத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரிசப்ஷன் அம்மா திரையைப் பார்த்து வழக்கமான குரலில், "அடுத்தது, அக்கா. அக்கா யாருங்க?" என்று கூப்பிட்டார்.

அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். அன்று முழுவதும் நின்றே இருந்தவள் நோயாளிகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்து காலை நீட்டினாள். தம்பி எதிரில் வந்து நின்றான்.

"என்ன தொந்தரவு?" என்று கேட்டான்.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான். ஒண்ணும் முடிவு பண்ண மாட்டான்."

"எவ்வளவு நாளா?"

"பொறந்ததுலேர்ந்து" என்றாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "உன்னோடது நேத்து எனக்குத் திறந்துச்சே. ஏன் அதைச் சொல்லல?" என்று கேட்டாள்.

"இந்த மேசையில திறக்கலக்கா. உனக்கு மட்டும் திறந்தா போதாதே."

அக்கா போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள். "அந்த ஆளுகிட்ட வேணாம்னு சொல்லிடுங்க. ஆமா, தம்பிதான். இல்ல, யோசிக்கல. கேட்டேன், சொல்லிட்டான்" என்றாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்க, "ஆமாங்க, நெஜமா அவன்தான்" என்றாள்.

அளவுகோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணில் ஏதோ விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டான். அவனுக்கு அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"சரி, இன்னொண்ணு" என்றாள் அக்கா. "வாசலுக்குப் பேர்ப்பலகை எழுத ஆள் வந்து கீழ நிக்கறாரு. என்ன நிறம்? நீயே சொல்லு."

"நீலம்" என்றான் அவன் உடனே. அவனுக்கே ஆச்சரியம்.

"வெளிர் நீலமா, அடர் நீலமா?"

அளவுகோல் வாயைத் திறந்தான். மூடினான். அக்காவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தான். அக்கா இடம்விட்டு நகர்ந்து கொடுத்துவிட்டு, பலகைக்காரரை நாளைக்கு வரச் சொல்லும்படி ரிசப்ஷன் அம்மாவுக்குச் சைகை காட்டினாள்.